ஓட்டையில்லாத் தொட்டிக்குள் நட்ட செடிகள்: டெல்டா களிமண்ணில் வண்ண இலைத் தோட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா வீட்டு முகப்பில் குந்தி உட்கார்ந்து ஒரு குரோட்டன் செடியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ஐந்து மாதம் முன்பு நான் நட்ட செடி அது. வேர் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருவினேன். மேல்தோல் உறை கழல்வதுபோலக் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது; உள்ளே கறுத்த நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. முகர்ந்தபோது நீர் வடியாத வயலின் சேற்று வாடை அடித்தது.

மொத்தம் 46 செடிகள் நட்டிருந்தேன். அன்று எண்ணியபோது உயிரோடு இருந்தவை 19. பதினைந்து ஆண்டுகளாக மன்னார்குடி வட்டாரத்தில் சிறிய நர்சரி நடத்துகிறேன். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தோட்டம் அமைத்துத் தருகிறேன். இவ்வளவு செடிகளை ஒரே இடத்தில் பறிகொடுத்தது அதுவரை இல்லை. ஏன் போயின, பிறகு என்ன மாற்றினோம், மாற்றியதில் எது பலித்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். நம் பக்கத்துக் களிமண்ணில் வண்ண இலைச் செடி வைக்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை முழுமையாகத் தருகிறேன்.

வீடும் மண்ணும்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையே ஒரு சிற்றூர். பாசனம் பாமணியாற்றிலிருந்து, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் ஆறு. வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நெல் வயல். வீட்டின் தரைமட்டம் சாலையைவிட இரண்டரை அடி உயரம். ஆனால் வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடைப்பட்ட தோட்ட நிலம் வயல் மட்டத்திலேயே கிடந்தது. அந்த மட்டம்தான் இந்த ஆய்வின் மையம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, அந்த வீட்டு முகப்பில் நின்ற இரண்டு மாமரங்களும் ஒரு வேம்பும் ஏழு தென்னைகளும் சாய்ந்தன. முப்பது ஆண்டு நிழல் ஒரே இரவில் போனது. மேற்கு பார்த்த முகப்பு. பிற்பகல் வெயில் நேராகச் சுவரில் இறங்கியது. என்னை அழைத்தபோது ஐயாவின் மனைவி, நான் அம்மா என்று அழைப்பவர், சொன்னது இது: “இனி மரம் வேண்டாம் தம்பி. இன்னொரு முறை விழுந்து கிடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இடுப்பளவுக்கு மேல் போகாத செடியாக வையுங்கள். இலை கொட்டாமல் வருடம் முழுவதும் நிற்க வேண்டும். பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காலையில் கதவைத் திறந்தால் கண்ணுக்கு நிறம் தெரிய வேண்டும்.”

இதைவிடத் தெளிவாக ஒரு தோட்டத்தின் தேவையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. குட்டையாக, அடர்த்தியாக, பசுமை மாறாமல், இலையிலேயே வண்ணம் காட்டும் புதர்ச்செடி வேண்டும். இப்படிப்பட்ட செடிகள் நம் வெப்பத்துக்கு ஏராளமாக இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகன் கைபேசியில் சில படங்கள் அனுப்பியிருந்தார்: கத்தரிப்பூ நிறத்தில் லோரோபெட்டாலம், நெருப்பாய்ச் சிவந்த நண்டினா. இரண்டும் சீனம், ஜப்பான் பக்கத்துச் செடிகள். நண்டினாவின் இலையில் அந்தச் சிவப்பு ஏறுவது குளிர்காலத்தில். நம் ஊரில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அந்தச் செடி இங்கே உயிர் பிடித்தாலும் படத்தில் உள்ள நிறம் வராது என்று சொன்னேன். மகன் ஏற்றுக்கொண்டார்.

நட்டது 2019 ஆகஸ்டில். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு நடலாம் என்று காத்திருந்தோம். 14 குரோட்டன், 12 கோல்டன் துராண்டா, 8 குட்டை ஐசோரா (இட்லிப்பூ), 6 அகாலிஃபா, 6 எக்ஸோகேரியா. இவற்றில் பெரும்பாலானவை, நம் பகுதி நர்சரிகள் பலவற்றுக்கும் வருவதுபோல, ஆந்திரத்தின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வந்தவை. ஒவ்வொரு செடிக்கும் ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்தேன். களிமண்ணை அள்ளி வெளியே போட்டுவிட்டு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து குழியை நிரப்பினேன். எல்லோரும் செய்வது இதுதான். நானும் அதுவரை அப்படித்தான் செய்து வந்தேன்.

பிழைத்தவை எங்கே நின்றன?

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைகள் தொங்கத் தொடங்கின. ஈரம் இருக்கும்போதே செடி வாடுவதைப் பார்த்து ஐயா குழம்பினார். மழை விட்ட இரண்டு நாள்களில் தண்ணீர் போதவில்லையோ என்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? வாடிய இலை தாகத்தைத்தானே காட்ட வேண்டும்?

பொங்கலுக்கு முன்பு நான் செத்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்றார். பாபநாசம் வட்டாரத்தில் நாற்பது ஆண்டு கொடிக்காலில் வேலை பார்த்தவர். வெற்றிலைக் கொடி கட்டிக் கட்டிக் கைவிரல் வளைந்துபோனவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, “செத்ததையே பார்க்கிறீர்களே தம்பி, பிழைத்தது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். 19 செடிகளில் 13 செடிகள் தென்கோடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கே சுற்றுச்சுவர் கட்டியபோது கொத்தனார் மீந்துபோன செங்கல் துண்டும் காரைக் குப்பையும் மண்ணும் கொட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த இடம் மட்டும் சுமார் ஓர் அடி உயரம். நடும்போது கழிவு என்று முகம் சுளித்துக்கொண்டே அதன்மேல் நட்டேன். குரோட்டன், துராண்டா, எக்ஸோகேரியா என்று இனம் வேறுபாடில்லாமல் எல்லாம் அங்கே பிழைத்திருந்தன. செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டி நான் அருமையாக நட்ட மற்ற இடங்களில் ஆறு செடி நீங்கலாக எல்லா இனமும் செத்திருந்தன.

அன்று மாலையே இரண்டு இடத்திலும் ஒன்றரை அடிக்குக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். தென்கோடிக் குழி அரைமணி நேரத்தில் வற்றியது. நடுத்தோட்டத்துக் குழியில் மறுநாள் நண்பகலிலும் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதில் வானம் தெரிந்தது.

காரணம் அந்தக் குழியிலேயே இருந்தது. களிமண்ணுக்குள் குழி தோண்டி, அதில் பொலபொலப்பான மண்ணை நிரப்பினால், அடியில் ஓட்டையில்லாத தொட்டி ஒன்றைப் புதைத்து அதற்குள் நட்டதாகிறது. சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது. மழைநீரும் பக்கத்து ஈரமும் இளகிய மண்ணைத் தேடிக் குழிக்குள் இறங்கும், வெளியேற வழியில்லை. மண் துகள்களுக்கிடையே காற்று இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தண்ணீர். வேர் மூச்சு முட்டிச் சாகிறது. வேர் செத்தால் செடியைச் சுற்றி எவ்வளவு ஈரம் இருந்தாலும் இலைக்கு ஏறாது. அதனால்தான் நனைந்த மண்ணில் வாட்டம். அந்த வாட்டத்தைப் பார்த்து ஊற்றிய தண்ணீர் மிச்ச வேரையும் முடித்தது. குழியில் நான் கலந்த மணலும் உதவவில்லை. களியோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் காய்ந்த பிறகு செங்கல்போல இறுகும். வெயில் நாளில் அந்தக் குழிகளில் கடப்பாரை பட்டால் ஓசை கேட்டது.

நெல்லுக்கு ஏற்ற மண் இது. தண்ணீரை நிறுத்திவைக்கும் அதன் குணத்தால்தான் நமக்குச் சோறு. குரோட்டனுக்கு அந்தக் குணம் ஆகாது. மண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை; மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் நட்டது என் பிழை.

மேட்டுப்பாத்தி

பெரியவர் கொடிக்காலை எடுத்துச் சொன்னார். வெற்றிலை தினமும் ஈரம் கேட்கும் கொடி. ஆனால் காலடியில் தண்ணீர் நின்றால் தாங்காது. அதனால் நீளநீளமாக மேடு போட்டு, இரண்டு மேட்டுக்கு நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டுவார்கள். கொடி படரும் அகத்தியும் கொடியும் மேட்டில். தண்ணீர் வாய்க்காலில். ஈரம் பக்கவாட்டில் ஊறி வேருக்குப் போகும். மழை அதிகமானால் அதே வாய்க்கால் வடிகால் ஆகிவிடும். காவிரிக் கரையில் எத்தனையோ தலைமுறை கண்ட வழி. நான் கற்ற தோட்டக்கலையில் இது இருந்ததுதான்; ஆனால் அழகுச் செடிக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

2020 பிப்ரவரியில் 60 அடி நீள முகப்பில் 6 அடி அகலத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டோம். குழி எடுக்கவில்லை. இருந்த களிமண்ணை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் பிரட்டி, அதன்மேல் ஒன்றே முக்கால் அடி உயரத்துக்குக் குவித்தோம். அடியில் உடைந்த செங்கல், அதற்கு மேல் செம்மண்ணும் வாய்க்கால் தூர்வாரிய வண்டலும். அரிசி ஆலையிலிருந்து கருக்கிய உமி நான்கு மூட்டை, மக்கிய தென்னை நார்க்கழிவு, தொழுவுரம். நார்க்கழிவைப் பற்றி ஒரு சொல்: பச்சையாகப் போடக்கூடாது. உப்பும் துவர்ப்பும் அதில் மிகுதி. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, மக்கவைத்த பிறகே போட வேண்டும். மேட்டின் இரு புறமும் ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் எடுத்து, அதன் சரிவைத் தெரு வடிகால் பக்கம் தள்ளினோம். செடிக்குச் செலவானதைப்போல மூன்று மடங்கு மண்ணுக்குச் செலவானது. இப்போது எந்த வீட்டிலும் செலவுக் கணக்குப் போடும்போது மண்ணைத்தான் முதலில் எழுதுகிறேன்.

மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. மேட்டில் தக்கைப்பூண்டு விதைத்திருந்தோம். களர், உவர் மண் இரண்டையும் ஓரளவு தாங்கி வளரும் பசுந்தாள் உரச்செடி. நான் போக முடியவில்லை. 45-ஆவது நாள், பூக்கும் முன்பு, ஐயாவே அரிவாளால் அறுத்து மண்ணில் மிதித்துவிட்டார். தொலைபேசியில் நான் சொல்லச் சொல்லச் செய்தார். அவருக்கு அப்போது வயது 71. அந்தக் கட்டாயக் காத்திருப்பு நன்மையாகவே முடிந்தது. ஜூலையில் போய் அளந்தபோது மேடு அரை அடி அமர்ந்து ஒன்றே கால் அடியில் நின்றது. பிப்ரவரியிலேயே அவசரப்பட்டு நட்டிருந்தால் மண் அமரும்போது செடியும் அமர்ந்து கழுத்துவரை புதைந்திருக்கும். புது மேட்டை மூன்று மாதமாவது சும்மா விட வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன்.

எந்தச் செடி எங்கே

ஆடியில் நட்டோம். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்திருந்தது. வாய்க்கால் நீர் கைக்கெட்டியது. முதல் முறை நட்டதும் ஏறக்குறைய இதே பருவம். செடிகள் வந்ததும் அதே வழி. மாறியது நிலமட்டமும் மண்ணும், கொஞ்சம் செடித் தேர்வும். அதனால் இரண்டு முறையையும் ஒப்பிடுவதில் நியாயம் இருக்கிறது.

குரோட்டன் 12. மலேசியா, இந்தோனேசியா, பசிபிக் தீவுகள் பக்கத்துப் புதர் இது. நம் வெப்பமும் காற்றின் ஈரமும் அதற்குப் பழக்கமானவை. ஆனால் மேற்கு வெயிலை எல்லா வகையும் ஒன்றுபோலத் தாங்குவதில்லை. அகன்ற இலை கொண்ட பெட்ரா வகையைத் திண்ணையின் நிழல் பிற்பகலில் விழும் வடபுற ஓரத்தில் வைத்தேன். முதல் முறை நேர் வெயிலில் வைத்து இலை விளிம்பு தீய்ந்துபோனது நினைவிருந்தது. குறுகிய இலையில் மஞ்சள் பொட்டு தெளித்ததுபோல் இருக்கும் கோல்ட் டஸ்ட் வகை திறந்த வெயிலில் நிற்கிறது. குரோட்டனுக்கு வெளிச்சம் போதாவிட்டால் புது இலை பச்சையாகவே வரும், வெயில் மிஞ்சினால் வெளுத்துத் தீயும். காலை வெயில் முழுக்க, பிற்பகலில் சல்லடை நிழல் என்பதே அதன் நிறத்துக்குச் சிறந்த அளவு. நிழல்வலைக்குள் வளர்ந்து வந்த செடியை நேராக வெயிலில் நட்டால் பாதி இலையைக் கொட்டிவிடும். இரண்டு வாரம் பையோடு அந்த இடத்திலேயே, முதலில் தென்னங்கீற்று மறைவில், பிறகு கீற்றை விலக்கி விலக்கி வைத்துப் பழக்கினேன். நடும்போது வேர்ப்பந்தைச் சுற்றி இறுகிய ஒட்டுமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தேன். அந்த உருண்டையோடு நட்டால் வேர் புது மண்ணுக்குள் வராமல் உருண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

எக்ஸோகேரியா 6. சைனீஸ் குரோட்டன் என்று நர்சரிகளில் கேட்டால் கிடைக்கும். இந்தச் செடியின்மேல் எனக்குத் தனி அன்பு. மேலிருந்து பார்த்தால் சாதாரணப் பச்சை இலை. ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அடிப்புறம் முழுக்க அடர்ந்த குங்குமச் சிவப்பு. நம் பக்கம் ஆடிக் காற்று அடிக்கும்போது புதர் மொத்தமும் ஒரு கணம் சிவந்து மறுகணம் பச்சையாகிறது. காற்று ஓயாத கிழக்கு டெல்டாவில் இதைவிடப் பொருத்தமான வண்ணச் செடி இல்லை என்பேன். இது வந்த ஊர் தென்கிழக்கு ஆசியா என்றாலும் இதன் உறவு நமக்கு வெகு அருகில் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இதே பேரினம்; பிச்சாவரத்திலும் இந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் நிற்கிறது. ஐயாவிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து அவர் இந்தச் செடியைத் தில்லைத் தம்பி என்றுதான் அழைக்கிறார். உறவு என்பதற்காக உப்புத் தண்ணீரில் இதுவும் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. மேட்டில்தான் இதையும் காப்பாற்றினோம். இன்னொரு குடும்பக் குணமும் உண்டு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று கடலோர மக்கள் அறிவார்கள். இதன் பாலும் தோலை அரிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் உள்வரிசையில் வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை கட்டாயம். குரோட்டனின் பாலும் துணியில் பட்டால் கறை போகாது.

கோல்டன் துராண்டா 14, முன்வரிசை வேலியாக. முழு வெயில் விழுந்தால் எலுமிச்சைப் பழ மஞ்சள். நிழல் விழுந்தால் பச்சைக்குத் திரும்பும். காய் பிடித்தால் அது நஞ்சு. தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருந்தால் பூவும் காயும் பெரும்பாலும் வராது.

யூஜினியா என்று விற்கப்படும் செடி 8. நாவல் மரத்தின் பேரினம். துளிர் ஆரஞ்சுச் சிவப்பில் வந்து, முற்ற முற்றப் பச்சையாகும். ஆகவே அதன் நிறம் என்பது துளிர்தான். வெட்டினால் துளிர்க்கும், வெட்டாவிட்டால் வெறும் பச்சைப் புதர். அகாலிஃபாவை இம்முறை விட்டுவிட்டேன். நம் குப்பைமேனியின் பேரினத்தைச் சேர்ந்தது. செம்பு நிற இலை அருமையானது. ஆனால் ஆளுயரத்துக்கு மேல் ஓடக்கூடியது. இடுப்பளவில் நிறுத்த மாதம் ஒரு கவாத்து கேட்கும். முதியவர்கள் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது. வடக்குத் திண்ணையோர நிழலுக்கு வெளிர்மஞ்சள் திட்டு விழுந்த ஷெஃப்லெரா 4. ஆக மொத்தம் 44.

மேடு தேர்வெழுதிய மாதம்

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றபோது டெல்டாவில் கொட்டிய மழையை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயலும் தோட்டமும் சாலையும் ஒரே நீர்ப்பரப்பு. நான்காம் நாள் முழங்காலளவு தண்ணீரில் நடந்து அந்த வீட்டுக்குப் போனேன். வாயிற்படியில் நின்று பார்த்தபோது பழுப்புத் தண்ணீருக்கு நடுவே மேடு மட்டும் நீளமான ஓடம்போல மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சள், சிவப்பு, பச்சை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மேட்டின் ஏறக்குறைய பாதி உயரம்வரை ஏறியிருந்தது. ஆனால் மேல் முக்கால் அடி மண் தண்ணீருக்கு வெளியே. வேருக்கு அது போதுமாக இருந்தது.

பின்னர் 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை அறுவடைக்கு நின்ற சம்பா பயிரைச் சாய்த்தது. ஊர் முழுக்க வேதனை. அந்த வேளையில் அழகுச் செடிகளைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தேன். 44 செடிகளில் போனவை மூன்று. மூன்றும் மேட்டின் சரிவில், மண் அரிந்து வேர் தெரிந்த இடத்தில் நின்றவை. அடுத்த மாதமே சரிவில் அருகம்புல் பதித்து மண்ணைப் பிடித்தோம்.

நோயின் மஞ்சள்

மழைச் சிக்கல் தீர்ந்த பிறகு கோடைச் சிக்கல் தலைகாட்டியது. முதல் நடவில் பிழைத்த மூன்று ஐசோராக்கள் 2021 சித்திரையில் மஞ்சளாயின. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “இதுவும் நிறம்தானே தம்பி, இருக்கட்டுமே” என்றார். அருகில் அழைத்து இரண்டு இலையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். துராண்டாவின் இலையில் நரம்பும் சதையும் சேர்ந்து மஞ்சள். இலை தடிப்பாக, பளபளப்பாக இருந்தது. ஐசோராவின் இளம் இலையில் சதை வெளுத்திருந்தது; நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் துருத்திக்கொண்டு தெரிந்தது. துராண்டாவுக்கு மஞ்சள் பிறவி நிறம். ஐசோராவுக்கு அது இரும்புச் சத்து கிடைக்காத பசி. அம்மா வெகுநேரம் அந்த இரண்டு இலைகளையும் மாறிமாறிப் பார்த்தார். இப்போதெல்லாம் எனக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிடுகிறார்.

மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. வாய்க்கால் வற்றும் கோடையில் ஆழ்குழாய் நீர்தான் ஆதாரம். அந்த நீர் காரம் மிகுந்தது. பரிசோதனையில் மண்ணின் பி.எச். 8.4 என்று வந்தது. அந்தக் காரநிலையில் இரும்பு மண்ணிலேயே கட்டுண்டுவிடும். ஐசோராவின் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, மாலை வேளையில் இலைமேல் தெளித்தேன். பத்துப் பதினைந்து நாளில் பச்சை திரும்பியது. இரண்டு மாதத்தில் மீண்டும் வெளுத்தது. மூன்று முறை இப்படி நடந்த பிறகு ஐசோராவை மேட்டிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றினேன். தொட்டிக்கு மழைநீர்த் தொட்டியிலிருந்து மட்டும் தண்ணீர். அங்கே நன்றாக இருக்கிறது. மருந்து தெளித்துத் தெளித்து ஒரு செடியை அதற்குப் பிடிக்காத மண்ணில் நிறுத்திவைப்பதை நான் ஒப்புவதில்லை.

மற்ற செடிகளுக்கும் கோடையில் இலைநுனி கருகியது, உப்பின் வேலை. கூரை மழைநீரைப் பிடிக்க 2,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தார்கள். அதோடு ஆழ்குழாய் நீரைப் பாதிக்குப் பாதி கலந்து விடுகிறோம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். அதனால் நான்கு நாளுக்கு ஒரு முறை, மேடு அடிவரை நனையும்படி. மேலே நான்கு விரற்கடை வைக்கோல் மூடாக்கு. வைக்கோலுக்கு நம் ஊரில் குறைவில்லை.

பூச்சியில் மாவுப்பூச்சியும் செஞ்சிலந்தியும் குரோட்டனில் மாசி, பங்குனி வறட்சியில் வந்தன. இலையின் அடிப்புறம் தண்ணீரைப் பீச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்யோடு சோப்புக் கரைசல் தெளித்ததில் அடங்கின.

கத்தரியும் உரமும்

நிறத்தைக் காப்பது பாதி கவாத்தில் இருக்கிறது. துராண்டாவைப் பெரிய கத்தரியால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை சமன் செய்யலாம். சிறிய இலை, வெட்டுத் தெரியாது. குரோட்டனில் அந்தக் கத்தரியை வைக்கவே கூடாது. பாதி அறுந்த இலைகள் விளிம்பு காய்ந்து மாதக்கணக்கில் அசிங்கமாக நிற்கும். கைக்கத்தரியால் கணுவுக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கிளையாக வெட்ட வேண்டும். முதல் ஆண்டில் நுனி கிள்ளி விட்டால் அடியிலிருந்து கிளைத்து அடர்த்தியாகும். உயரம் போன பிறகு வெட்டினால் கீழே மொட்டைத் தண்டுதான் மிஞ்சும். யூஜினியாவை நான் பொங்கல் கழித்து ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் வெட்டுகிறேன். வெட்டிய மூன்றாவது வாரம் துளிரில் நெருப்புப் பிடித்தாற்போல் இருக்கும்.

உரத்தில் கை தாராளமாக இருக்கக்கூடாது. ஐயா ஒரு முறை வயலுக்கு வாங்கிய யூரியாவில் மீந்ததைப் பாசத்தோடு தோட்டத்துக்குப் போட்டுவிட்டார். இரண்டு மாதம் எல்லாமே தளதளவென்று பச்சையாக வளர்ந்தன. குரோட்டனின் சிவப்பும் துராண்டாவின் மஞ்சளும் மங்கிப்போயின. தழைச்சத்து மிஞ்சினால் பச்சையம் மிஞ்சும். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை மண்புழு உரம், அவ்வளவே. ஷெஃப்லெராவில் அவ்வப்போது திட்டே இல்லாத முழுப்பச்சைக் கிளை கிளம்பும். பச்சையம் கூடிய கிளை என்பதால் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து செடியையே மூடிவிடும். கண்டவுடன் அடியோடு எடுத்துவிடுகிறோம்.

இப்போதைய நிலை

மேட்டுப்பாத்திக்கு ஐந்து மழைக்காலம் கடந்துவிட்டது. 41 செடிகளில் 38 நிற்கின்றன. மேடு இன்னும் கால் அடி அமர்ந்திருக்கிறது; ஆண்டுதோறும் சித்திரையில் தூர்வாரிய வண்டலும் மக்கும் ஒரு விரற்கடை ஏற்றுகிறோம். எல்லாச் செடியும் இடுப்பளவுக்குள்தான். அந்த ஊரில் இன்னும் மூன்று வீடுகளில் இதே முறையில் மேடு போட்டுக் கொடுத்தேன்; ஒரு வீட்டில் இடமில்லை என்று வாய்க்காலைத் தவிர்த்தார்கள், அங்கே மட்டும் மேட்டின் அடிவரிசைத் துராண்டா அடுத்த கார்த்திகையில் அழுகிவிட்டது. மேடும் வாய்க்காலும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை என்று பெரியவர் முதல் நாளே சொன்னார்.

சென்ற மாதம் போனபோது வடபுறத்துப் பெட்ராவில் ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி துளிர்த்திருந்தது. நரம்பில் ஓட வேண்டிய மஞ்சள் இலை முழுக்கப் பரவி, ஓரத்தில் மட்டும் மெல்லிய ரோஜாக் கரை. குரோட்டனில் இப்படி எப்போதாவது ஒரு கிளை தானாக மாறும். நிலைக்குமா என்று பதியம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பென்சில் கனத்தில் இருந்த இடத்தில் ஓர் அங்குலம் பட்டையை வளையமாகச் சீவி, நனைத்த பாசி வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டினேன். அம்மா அருகில் நின்று நூலைப் பிடித்துக்கொண்டார். அந்தச் செடிக்கு மேட்டில் எந்த இடம் என்பதையும் அப்போதே காட்டிவிட்டார்: தென்கோடியில், கொத்தனார் கொட்டிய செங்கல் குவியலின் உச்சியில்.

நேற்று அவர் அனுப்பிய படத்தில் பாலித்தீன் தாளுக்குள் பாசியைத் துளைத்துக்கொண்டு நான்கு வேர்கள் தெரிகின்றன. வெள்ளை வேர்கள்.